சோறில்லாமல் குழம்பு

கிரேக்கத்தை ஒரு வாரம் சுற்றிவிட்டு நாகர்கோவில் திரும்பிய சித்தப்பா, சொந்தக்காரர் எல்லாரிடமும் ஒரே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஒண்ணு உப்பு, இல்லேன்னா சீனி. வேற ருசியே கெடையாது." தெசலோனிக்கியில் குடியிருக்கும் என்னிடம் "எப்பிடி மக்கா இதத் தின்னுட்டுக் கெடக்க?" என்று தொலைபேசியில் அனுதாபம் வேறு. அந்த அனுதாபம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபெட்டா பாலாடைக்கட்டியை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தேன். சாலட்டின் மேல் முழுசாக வைத்திருந்த வெள்ளைக் கட்டியை முதலில் தனியாகத் தின்று முடித்திருக்கிறார். சோறில்லாமல் குழம்பை மட்டும் குடித்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? நம் சோற்றில் உப்பில்லை; அதற்கும் சேர்த்துத்தான் குழம்பில் உப்பு. இங்கே சோற்றின் வேலையைத் தக்காளியும் வெள்ளரியும் ரொட்டியும் செய்கின்றன. ஃபெட்டாவை உதிர்த்து அவற்றோடு சேர்த்துத் தின்ன வேண்டும். கடைசியில், தட்டின் அடியில் தேங்கிய தக்காளிச் சாற்றையும் ஆலிவ் எண்ணெயையும் ரொட்டியால் வழித்துத் தின்றால்தான் அந்தச் சாப்பாடு முடிகிறது.

அந்த உப்பு கைதவறி விழுந்ததல்ல. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மேய்ப்பர்களின் பாலை மாதக்கணக்கில் காப்பாற்றியது உப்புநீர்தான். இன்றும் ஃபெட்டா என்றால் செம்மறியாட்டுப் பால். வெள்ளாட்டுப் பால் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதமாவது முதிர வேண்டும். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாக்கியது. அதே பெயரில் டென்மார்க்கிலிருந்து வெளிநாடுகளுக்குப் பாலாடைக்கட்டி போவதை அந்நாட்டு அரசு தடுக்கத் தவறியது என்று 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சொந்த ஊர் ஜெயித்ததுபோல் மகிழ்ந்தேன். ஆலிவின் உப்பும் காரணத்தோடுதான். பறித்த காயை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கைப்பு. உப்புநீரில் கிடந்துதான் அது இறங்குகிறது.

இனிப்புக்கும் ஒரு முறை உண்டு. பழைய வீடுகளில் விருந்தாளிக்குக் கரண்டி இனிப்பு தருவார்கள்: பாகில் கிடக்கும் கசப்பு ஆரஞ்சுத் தோலோ புளிப்புச் செர்ரியோ பிஞ்சுக் கத்தரிக்காயோ, ஒரே ஒரு கரண்டி. பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். சித்தப்பா விடுதியின் காலை உணவில் பக்லாவா என்ற பாகு இனிப்பை இட்லிக்குப் பதிலாகத் தின்றிருக்கிறார். திகட்டாமல் என்ன செய்யும்? இந்நகரத்துப் பாகு இனிப்புகளில் 1922-க்குப் பின் சின்ன ஆசியாவிலிருந்து எல்லாம் இழந்து வந்த அகதிகளின் கைப்பக்குவம் இருக்கிறது. அதை வெறும் சீனி என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

மெல்லிய மாவுத்தாளில் பொதித்த ஃபெட்டாவின் மேல் தேன் விட்டு எள் தூவித் தருவதையும் அவர் குறை சொன்னார். அடைப்பிரதமனில் அப்பளம் நொறுக்கித் தின்று வளர்ந்த ஊர்க்காரருக்கு உப்பும் இனிப்பும் சேர்வது புதிதா?

ஆனால் உறைப்பு விஷயத்தில் கிரேக்கர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஃப்ளோரினா ஊரின் பேர்போன சிவப்பு மிளகாய் இனிக்கிறது! சாந்தோரினித் தீவின் ஃபாவா, நம் பருப்பு மசியலுக்கு மிக நெருங்கியது. அதன்மேல் இவர்கள் வெங்காயமும் உப்பிலிட்ட கேப்பர் மொட்டும் வைக்கிறார்கள். நான் அம்மா அனுப்பும் மோர்மிளகாயை வறுத்து நொறுக்கிப் போடுகிறேன். அந்த ஒரு தட்டில் நம்முடையதே மேல்.