பாலைப்பழம்

வைகாசி பிறந்தால் ஏ9 வீதியோரத்துக்குப் பாலைப்பழம் வந்துவிடும். போன முறை மாங்குளத்தில் பஸ் நின்றபோது ஒரு சுண்டு வாங்கினேன். சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பழம். பத்துத் தின்பதற்குள் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பாலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. பஸ்ஸுக்குள் எண்ணெய்க்கு எங்கே போவது? கொண்டக்டர் எங்கே இறக்கம் என்று கேட்க, விரலை வடக்கே நீட்டினேன்.

சின்ன வயதில் அம்மா எண்ணெய்ப் போத்தலோடு முற்றத்தில் நின்றது நெடுங்கேணிக்குக் கிழக்கே, எங்கள் காணியில். ஐயா அங்கே காடு வெட்டியது 1970களின் தொடக்கத்தில். மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியிருந்த காலம் அது. செத்தல் மிளகாய்ச் சாக்கு விற்ற காசில்தான் கிணறு கட்டியது, எனக்குக் காது குத்தியது எல்லாம். காணிக்குள் நின்ற மரங்களில் ஒரு பாலையை மட்டும் வெட்டாமல் விட்டார். வைரவருக்கு என்று சொல்லுவார். கோடாலி மழுங்கிப்போய் விட்டவர் என்று அம்மா சொல்லுவா. பாலை வைரம் தண்ணீரில் போட்டால் தாழும். அம்மா சொல்வதிலும் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

1984 மார்கழி மழைக்குள் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டோம். திரும்பிப் போனது 2011இல்.

இருபத்தேழு வருடத்தில் மிளகாய்த் தோட்டம் என்ன ஆகும்? பாதையே இல்லை. நாயுண்ணியும் சூரையும் விடத்தலும் கட்டிப் பின்னிக் கிடந்தன. வேரிலிருந்தே புதுக்கன்று விடுகிற சாதி விடத்தல். ஒன்றை வெட்டினால் பக்கத்தில் நாலு கிளம்பும். நாயுண்ணியைக் கொண்டுவந்தவை பழம் தின்று எச்சமிடும் கொண்டைக்குருவிகளாய் இருக்கும். நான் கையில் ஆத்தித் தடியோடு நின்று, எங்கள் அடுப்படி எந்தப் பக்கம் என்று ஐயாவைக் கேட்டேன். அவர் கிணற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு ஒரு குழப்பம். பாடப் புத்தகத்தில் வெறும் நிலத்தில் முதலில் வருவது மென்மரம், மெல்ல மெல்லத்தான் வைரமரம் என்று படித்து, அதையே பிள்ளைகளுக்கும் படிப்பித்தவன் நான். இங்கே கத்தி பட்டதெல்லாம் கல்லாக இருந்தது. விடை பிறகு ஒரு ஆய்வில் கிடைத்தது. அந்தப் பாடம் மழைக்காட்டுப் பாடம். அங்கே போட்டி வெளிச்சத்துக்கு. கெதியாய் உயர்கிற மென்மரம் முந்திவிடும். வறண்ட காட்டில் போட்டி வெயிலோடும் வறட்சியோடும். தாகம் தாங்குகிற கடின மரங்கள்தான் முதலில் கால் ஊன்றும். அவை நிழல் போட்டு மண் குளிர்ந்த பிறகே மற்றவை வரும். அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலக் காடுகளை அளந்து 2019இல் எழுதியது அது. எங்கள் பாலையை அவர்கள் பார்க்கவில்லை. இங்கே கடைசியாக வருகிறவனும் இரும்புதான்.

அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வும் அந்தப் பக்கத்தது, 56 இடங்களில் செய்தது. கைவிட்ட நிலத்தில் இருபது வருடத்தில் மரவகைகளின் எண்ணிக்கை பழைய காட்டின் 80 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் எந்தெந்த மரம் என்று பார்த்தால் 34 சதவீதந்தான் பழைய காட்டோடு ஒத்துப்போகிறது. தலைக்கணக்கு சரி, ஆட்கள் வேறு. மீள்குடியேறிய எந்த ஊர்க்காரனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஐயா இதொன்றையும் படிக்காமலே சொன்னவர். காட்டுக்கு எல்லைக்கல் போட வந்த அதிகாரிகள் வரைபடத்தை விரித்து, இது காடு என்றார்கள். ஐயா அவர்களைப் பற்றைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"உது விடத்தல். அது ஆத்தி. எல்லாம் நாங்கள் போனாப் பிறகு வந்ததுகள். பாலை எங்கே, வீரை எங்கே? பாலையில்லாத காடும் ஒரு காடோ? காட்டுக்குள்ளே புளி வரிசையாய் நிக்குமோ தம்பி?"

புளி வரிசையாய்த்தான் நின்றது. அதன் முடிவில் கிணறு. பாதிக் காணி கைக்கு வந்தது. மீதிக்கு இன்னும் கடிதம் எழுதுகிறோம். எனக்குள் ஒரு சங்கடம் மட்டும் போகவில்லை. ஐயாவின் வழக்கு வெல்ல அந்தப் பற்றை பற்றையாகவே இருக்க வேண்டும். அதுவோ வருடா வருடம் காடாகிக்கொண்டிருக்கிறது. சூரைக்குள்ளே முதிரை தலை காட்டிவிட்டது.

பாலை இன்னும் வரவில்லை. அது கரடியும் குரங்கும் பழம் தின்று கொட்டை கொண்டுவந்து போட வேண்டிய மரம். முளைத்தாலும் வளர்வதற்கு அவசரப்படாது. வைரவர் பாலையின் கீழே மட்டும், நிழலுக்குள், விரலளவு கன்றுகள். கோடைக்கு முன் இருப்பது கோடைக்குப் பின் இராது. ஐயா ஒவ்வொரு மாரியிலும் போய்க் குந்தி இருந்து எண்ணுவார். மாடு கடிக்காமல் விடத்தல் முள்ளை வெட்டிச் சுற்றிவரப் போட்டிருக்கிறார்.

இந்த மாரியில் நானும் போனேன். நாலு என்றார். எனக்கு மூன்றுதான் பாலையாய்த் தெரிந்தது. நாலாவது வீரை என்று நினைக்கிறேன். இலையைக் கிள்ளினால் போதும், பால் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஐயா கிள்ள விடவில்லை.