பின்னால் ஓடத் தெரியுமா?

2013ல் கம்பெனி என்னை டெபுடேஷனில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. கூட வந்தவர்களெல்லாம் நியூயார்க், கலிஃபோர்னியா என்று போய் இறங்க, எனக்கு விழுந்தது ஓஹையோ மாநிலத்து கிளீவ்லேண்ட். ஏரிக்காற்று எலும்பு வரைக்கும் வந்து சௌக்கியம் விசாரிக்கிற ஊர்.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். கணக்குப் பிரிவு. அங்கே சீனியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு நாக்கு வளையவில்லை. கடைசிவரை 'சார்'தான். மேஜை டிராயரில் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஏதோ வட்டிக் கணக்கு என்று நினைத்திருந்தேன். 2014 மார்ச்சில் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பையன்களின் பெயர்கள். எதிரே கட்டம் கட்டமாக உயரம், எடை, கை நீளம், ஓட்டம், இடுப்பு!

"என்ன சார், போலீஸ் செலக்‌ஷனா?"

"கார்னர்பேக்!" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் ரிசீவர். அவனைப் பிடிக்க விடாமல் கூடவே ஓடுகிறவன் கார்னர்பேக். கேட்க சுலபம். ஆனால் எங்கே திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தபடியே இவன் பின்பக்கமாக ஓடவேண்டும். அவன் திரும்பிய கணத்தில் இடுப்பைத் திருப்பி முன்பக்க ஓட்டத்துக்கு மாறவேண்டும். பஸ்ஸைத் துரத்தி எல்லோரும் ஓடியிருப்போம். வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி பின்னால் ஓடிப் பாருங்கள், தெரியும்! தொட்டாலும் வம்பு. ஐந்து கஜத்துக்கு மேல் போய்விட்டால் ரிசீவரைப் பிடித்துத் தள்ளக்கூடாது. அரை விநாடி அசந்தால் எழுபதாயிரம் பேர் முன்னால் மானம் போகும்.

கல்லூரியில் ஆடும் பையன்களிலிருந்து, தொழில்முறை லீகின் 32 அணிகளும் வருஷா வருஷம் ஏழு சுற்றுகளில் ஆள் பொறுக்குவதுதான் டிராஃப்ட். அதற்கு முன் இண்டியானாபொலிஸில் முந்நூற்றுச் சொச்சம் பேரை வரவழைத்து நாலைந்து நாள் அளக்கிறார்கள். 'கம்பைன்' என்று பெயர். 102 கிலோவை எத்தனை தடவை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறான்... ராஜ பரீட்சை, 40 கஜ ஓட்டம். நம் கணக்கில் சுமார் முப்பத்தாறரை மீட்டர். கார்னர்பேக் என்றால் நாலரை விநாடிக்குள் முடித்தால் நல்லது.

அந்த வருஷம் பெரியவரின் நோட்டில் ஜஸ்டின் கில்பெர்ட் என்ற பெயருக்குக் கீழே இரண்டு கோடு. ஓக்லஹோமா ஸ்டேட். ஆறடி உயரம். 4.37 விநாடி. மே 8, டிராஃப்ட் ராத்திரி. சொந்த அணியான கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் எட்டாவது ஆளாக அதே கில்பெர்ட்டை எடுத்தது. மறுநாள் ஆபீஸுக்கே டோனட் வாங்கி வந்துவிட்டார் பெரியவர். பாவம், சூப்பர் பௌலை எட்டியே பார்க்காத அணி. ரசிகர்கள் வேறு எதைத்தான் கொண்டாடுவது?

அதே வாரம் நானும் ஒரு டிராஃப்ட் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் சென்னை டீமுக்கு ஆள் எடுக்க, ராத்திரியில் போன் இன்டர்வியூ. என்னிடமும் கட்டங்கள் இருந்தன. 60 பர்சென்ட்டுக்கு மேல், அரியர் கூடாது. ஒரு பையன் 58 பர்சென்ட், இரண்டாவது செமஸ்டரில் இரண்டு அரியர். எப்படியோ லிஸ்ட்டில் நுழைந்திருந்தான். இரண்டாவது கேள்விக்குத் தப்பான பதில் சொன்னான். போனை வைக்கும்போது, "சார், அந்த ரெண்டாவது கேள்வி... தப்பாச் சொல்லிட்டேன். இப்ப சொல்லட்டுமா?" என்றான்.

"டைம் ஆயிடுச்சுப்பா" என்றேன். 'ரிஜெக்டட்' என்று டைப் அடித்துவிட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம்.

2015 பிப்ரவரி 1. பெரியவர் வீட்டில் சூப்பர் பௌல் பார்த்தோம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. கடைசி நிமிஷங்கள். சியாட்டில் நீளமாக ஒரு பந்து வீச, பேட்ரியட்ஸின் கார்னர்பேக் ஒருவன் எகிறித் தட்டிவிட்டான். விழுந்து கிடந்த ரிசீவர் காலில் பட்டு, கையில் பட்டு, பந்து அவன் மடியிலேயே போய் உட்கார்ந்தது! கொடுமை. அந்த கார்னர்பேக் எழுந்து போய் அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். இல்லாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த ஆட்டத்தில் சியாட்டில் நாலு கஜம் நகர்ந்தது. பாக்கி ஒரே ஒரு கஜம். அரை நிமிஷம்கூட இல்லை. மறுபடி பந்து வீசினார்கள். சற்று முன் ஏமாந்த அதே பையன் அம்பு மாதிரி பாய்ந்து, ரிசீவருக்கு முன்னால் பந்தைப் பறித்தான். பேட்ரியட்ஸுக்குக் கோப்பை!

"யார் சார் இவன்?"

பெரியவர் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெயரே இல்லை.

மால்கம் பட்லர். வெஸ்ட் அலபாமா என்ற சின்னக் கல்லூரி. ஆட்டத்தை விட்டு விலகியிருந்த நாளில் பாப்பாய்ஸ் கோழிக்கடையில் வேலை பார்த்தவன். கம்பைனுக்கு அழைப்பில்லை. 2014 டிராஃப்ட்டில் 256 பேரை எடுத்தார்கள், அதிலும் இல்லை. பேட்ரியட்ஸ் 'வந்து ஓடிக் காட்டு' என்று கூப்பிட, போய் ஒட்டிக்கொண்டவன். இன்னொரு சங்கதியும் பிறகு தெரிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தை அதே அமைப்பில் அதற்கு முந்தைய பயிற்சியில் ஆடிக் காட்டியபோது பட்லர் ஏமாந்திருக்கிறான். ஏமாந்ததை மறக்கவில்லை. அதனால்தான் இரண்டு ரிசீவர்கள் ஒருவன் பின்னால் ஒருவன் நின்றதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு கட்டம் போடணும்ப்பா. ஏமாந்த பிறகு அடுத்த பந்துக்கு என்ன பண்றான்?"

"போடுங்களேன் சார்."

"போடலாம். எந்த டேப்பை வெச்சு அளக்கறது?"

ஓட்டத்தை அளப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. மெதுவாக ஓடுகிறவனை ரிசீவர் தின்றுவிடுவான். கில்பெர்ட்டின் 4.37 பொய்யில்லை. ஆனாலும் இரண்டே சீசனில் பிரவுன்ஸ் பொறுமை இழந்து, 2016ல் பரம எதிரி பிட்ஸ்பர்க்குக்கே கொடுத்துவிட்டார்கள். 2022ல் கேலன் பார்ன்ஸ் என்ற கார்னர்பேக் 4.23 விநாடியில் ஓடிக் காட்டினார். எடுத்தது ஏழாவது சுற்றில்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'இப்ப சொல்லட்டுமா சார்?' காதிலேயே நின்றது. ஏமாந்த பையன் அடுத்த பந்துக்குத் தயாராக நின்றிருக்கிறான். நான்தான் விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டேன். அந்த இரண்டு அரியரையும் அடுத்த தடவையே கிளியர் பண்ணியிருந்ததும் ரெஸ்யூமில் இருந்தது. என் கட்டத்தில் விழுந்ததுதான் தெரிந்தது, எழுந்தது தெரியவில்லை.

மறுநாள் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "மறுபடி ஒரு இன்டர்வியூ வர்றியாப்பா?"

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மரியாதையாகத்தான் கேட்டான்: "சார், என் மார்க் இன்னும் அதே 58தான். பரவால்லீங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் அவனே சொன்னான். வேறு இடத்தில் சேர்ந்து நாலு மாசம் ஆகிறதாம்.

இப்போதும் இன்டர்வியூ எடுக்கிறேன். முடிக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் கேட்பேன்: "முதல்ல தப்பாச் சொன்னியே, அதை இப்ப சொல்றியா?"

இதற்கு மட்டும் டைம் ஆவதில்லை.