ரெண்டு உண்மை... ஒரு பொய்!

'ஹிஞ்ச்' ஆப்ல மூணு கேள்விக்குப் பதில் எழுதணும். ஒவ்வொண்ணும் 150 எழுத்துக்குள்ள. நம்மாளு (அதாங்க, நான்!) முதல்ல எழுதினது, 'பயணம், இசை, பிரியாணி பிடிக்கும்.' பிரியாணி பிடிக்காதவன் எவன் பாஸ்? ரெண்டு வாரம் ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கலை.

அங்கே நம்ம போட்டோ, பதில்னு ஏதாவது ஒண்ணுக்கு லைக் போட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும். 'இசை பிடிக்கும்'னு போட்டா, பாவம், அவங்க என்னத்தைக் கேட்பாங்க? ரூம்மேட் தலையில அடிச்சுக்கிட்டான். "டேய், வேற எவனும் எழுத முடியாததை எழுதுடா!"

'ரெண்டு உண்மை, ஒரு பொய்' கேள்விக்கு இப்படி மாத்தினேன்: 'தினமும் ஜிம் போறேன். ஹாஸ்டல் சாம்பார் அண்டாவுல வாட்ச்சைத் தொலைச்சேன். எம்-3 அரியர் இருக்கு.'

வீட்டுக்கே தெரியாத மேட்டர், அந்த அரியர். பொய்னு நினைச்சுப்பாங்கங்கிற தைரியம்தான்.

மறுநாளே ஒரு பொண்ணு, "அரியர்தானே பொய்?"

'ஆமா'னு அடிச்சேன். அழிச்சேன். மறுபடி அடிச்சேன். கடைசியில, "இல்லீங்க, ஜிம்"னு அனுப்பிட்டு போனைக் கவுத்து வெச்சுட்டேன். மெஸ்ல தோசை தொண்டையில இறங்கலை.

ராத்திரி பத்தரைக்குப் பதில்: "அரியரை விடுங்க. வாட்ச் கிடைச்சுதா?"

கிடைச்சுது. கரண்டியிலயே வந்துச்சு. அம்மாகிட்டதான் இன்னும் சொல்லலை... அரியரை!