லூனிக் ராக்கெட்டை வரைந்தவர் யார்?

சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியல் ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குருவி வெடி, லட்சுமி வெடி, சங்கு சக்கரம், புஸ்வாணம் என்று போய்க்கொண்டிருக்கும்போது ராக்கெட் வகையில் ‘லூனிக்’ என்றொரு பெயர் வரும். சோவியத் ரஷ்யா நிலவை நோக்கி ஏவிய லூனா விண்கலங்களைப் பத்திரிகைகள் அப்போது அப்படித்தான் அழைத்தன. 1959 செப்டம்பரில் லூனா 2 நிலவில் போய் மோதியது. மனிதன் செய்த பொருள் ஒன்று இன்னொரு வான்பொருளைத் தொட்டது அதுதான் முதல் முறை. சோவியத் ரஷ்யாவே இன்று இல்லை. லூனிக் மட்டும் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் தீபாவளிக்குத் தீபாவளி பெட்டி பெட்டியாக ஏறிப் போகிறது.

அந்தப் பெட்டிகளின் மேல் இருக்கும் ராக்கெட் படங்களைச் சில வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சாடை. கூரிய சிவப்பு மூக்கு, வயிறு பெருத்த உடல், அடியில் மூன்று நான்கு துடுப்புகள், வட்ட ஜன்னல். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் பி.எஸ்.எல்.வி. இப்படி இருக்காது. பெட்டிக்குள் இருக்கும் சரக்கும் இப்படி இருக்காது. அது குச்சியில் கட்டிய காகிதக் குழாய். லேபிளில் குச்சியைக் காணவே காணோம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த வி-2வின் உருவம், அமெரிக்காவின் மலிவு விலைக் கதை இதழ்கள் வழியாக உலகம் சுற்றி, எங்கள் ஊர்ப் பெட்டியில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அறிவியல் புனைகதை ஓவியத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1926 ஏப்ரலில் தொடங்குவார்கள். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழை ஆரம்பித்த மாதம் அது. அட்டையை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். ஆஸ்திரியாவில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். அவர் வரைந்த நகரங்களும் இயந்திரங்களும் மூச்சு விடும். மனிதர்கள் பொம்மைகளாக நிற்பார்கள். பின்னணியோ கண்ணைப் பறிக்கும் மஞ்சள், சிவப்பு. கடையில் தொங்கும் நூறு இதழ்களுக்கு நடுவே தன் இதழை எடுக்க வைப்பதுதான் அந்த அட்டையின் வேலை. உள்ளே உள்ள கதை அந்த அளவுக்கு இருக்குமா என்பது அடுத்த விஷயம். பட்டாசு லேபிளுக்கும் இதே வேலைதான்.

சிவகாசி இந்தத் தொழிலுக்கு வந்த வழி சுவாரசியமானது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியது 1923-ல். அதுவரை சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள்தான் இங்கே புழங்கின. தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிள் வேண்டுமென்றால் அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, நோட்டு அட்டை எல்லாம் வந்தன. 1940-களில் பட்டாசும் சேர்ந்துகொண்டது. வானம் பார்த்த பூமியில் காய்ந்த காற்றுக்குப் பஞ்சமில்லை. தீக்குச்சி காய்வதற்கும் அச்சு மை காய்வதற்கும் அது வசதி.

1972-ல் முத்து காமிக்ஸ் வந்தது இந்த ஊரிலிருந்துதான். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்து ஸ்பைடரையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் கொண்டுவந்தது. ஆர்ச்சி காலத்தைத் தாண்டிப் போகும் வாகனம் ஒரு கோட்டை! எங்கள் தலைமுறைக்கு எதிர்காலம் என்பது இந்தப் பக்கங்களில்தான் இருந்தது. கதைகள் பிரிட்டனில் ‘வேலியன்ட்’, ‘லயன்’ வார இதழ்களில் வந்தவை. மாயாவியை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர்; ஸ்பைடரை வரைந்தவர் ரெக் பன். அந்த வார இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. பக்கத்தைப் பார்த்துக் கையை அடையாளம் கண்டு, பெயர்களைத் தேடி எடுத்தவர்கள் பின்னால் வந்த ரசிகர்கள்.

மாயாவியின் கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆய்வகத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோவான்; கை மட்டும் தெரியும். சின்ன வயதில் எனக்கு அது பயங்கரம். இப்போது நினைத்தால், அவனை வரைந்தவரின் கதையும் அதுவேதான் என்று தோன்றுகிறது.

சிவகாசியிலும் எல்லா ஓவியரும் மறையவில்லை. காலண்டருக்கு முருகனையும் மீனாட்சியையும் வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் பெயர் படத்தின் மூலையில் இருக்கும். தென்மாவட்டங்களில் அந்தப் பெயர் தெரியாத வீடு குறைவு. முத்து, லயன் அட்டைகளை வரைந்த மாலையப்பனின் பெயரையும் ஆசிரியர் எஸ். விஜயன் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் ராக்கெட் லேபிள்? மருந்துக்கும் ஒரு பெயர் கிடையாது.

எனக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. என் தாய்மாமா அப்படி லேபிள் வரைந்தவர். எழுபதுகளில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வரும்வரை இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. போன வருடம் ஃபிராங்க் பால் வரைந்த அட்டைகளை செல்போனில் அவருக்குக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இவன் நம்ம ஆளுடா மாப்ள. மஞ்சளையும் சிவப்பையும் வச்சே ஒப்பேத்தியிருக்கான் பாரு. மொதலாளி காசு குடுக்காதவனா இருப்பான்.”

சிரித்துவிட்டேன். கெர்ன்ஸ்பேக் கூலி கொடுப்பதில் பேர்போன கஞ்சர். எழுத்தாளர் லவ்கிராஃப்ட் அவரை ‘எலி’ என்றே எழுதியிருக்கிறார். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. நிறத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க ராக்கெட்ட எதப் பாத்து மாமா வரஞ்சீங்க?”

“பேப்பர்ல வந்த படம், காமிக்ஸ் அட்டை, எவனாச்சும் கொண்டாந்து குடுக்குற வெளிநாட்டு வாழ்த்து அட்டை. நெசமான ராக்கெட்ட எவன் கண்டான்? ஒண்ணு மட்டும் சொல்லுவாங்க: பொக மேல போகணும், பிள்ள சிரிக்கணும்.”

ஒரே படத்தை நான்கு தடவை வரைய வேண்டியிருந்ததையும் அவர்தான் விளக்கினார். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. நெருப்பு வால் எவ்வளவு மஞ்சள், எந்த இடத்தில் சிவப்பு ஏற வேண்டும் என்பதை மனதுக்குள் பிரித்துப் புள்ளி புள்ளியாகக் கையால் வைக்க வேண்டும். அச்சில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் ராக்கெட். மயிரிழை விலகினால் ஜன்னல் வெளியே தொங்கும். அப்படி விலகிப்போன தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டது அவற்றைக் கொண்டுதான்.

இன்று ஒரு பட்டாசுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர், விலை, எச்சரிக்கை, எல்லாம் இருக்கும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் குறியீடும் சேர்ந்துவிட்டன. மருந்து அடைத்த பெண்ணின் பெயர் இருக்காது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் நாற்பது பேர்வரை இறந்தபோதுதான் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வந்தன. லேபிள் ஓவியருக்கு உயிராபத்து இல்லை என்பதால் அவர் பெயர் அப்படியும் வரவில்லை. இரண்டையும் சமமாக்கவில்லை. பெயர் வேண்டாம் என்ற பழக்கம் ஒன்றே என்கிறேன்.

பால் இறந்தது 1963-ல். 2009-ல் அவரை அறிவியல் புனைகதைக்கான புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அவருடைய இதழ்களைச் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. எங்கள் லேபிள்களோ வெடித்த மறுநாள் காலை தெருவில் குப்பையோடு கூட்டித் தள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த விண்வெளிப் படம் எது என்று கேட்டால், எந்த நாவலின் அட்டையும் இல்லை, இந்த லேபிள்தான் என்பேன்.

ஆகவே, மாமாவின் டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருக்கும் ப்ரூஃப் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன்: என்ன சரக்கு, எத்தனை நிறம், சுமாராக எந்த வருடம், வரைந்தவர் பெயர். முதல் தாளில் அவர் பெயரை எழுதியபோது மாமா எட்டிப் பார்த்தார்.

“எழுதுறதுன்னு ஆயிப்போச்சுன்னா பிளேட் போட்டவன் பேரையும் எழுது. அவன் இல்லன்னா இது வெறும் புள்ளி.”

பெயரைச் சொன்னார். இனிஷியல் என்ன என்று கேட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.