ஆறு குச்சியும் மூணு தொட்டியும்

ராஸ்ப்பெர்ரிச் செடி வாங்கியிருக்கேன்னு சொன்னதும் அம்மா வீடியோவில் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். "ஏண்டி, காசு குடுத்து விறகா வாங்கின?"ன்னு கேட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. இலை கிடையாது. மொட்டுன்னு பேருக்கு அங்கங்கே ஒரு புடைப்பு, அடியில நார் மாதிரி கொஞ்சம் வேர். அவ்வளவுதான். இங்கே நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இப்படித்தான், ஒரு பிடி மண்ணுகூட இல்லாம கட்டுக்கட்டா விப்பாங்க. செடி தூங்குற காலம். அப்போ இடம் மாத்தினா அதுக்குத் தெரியாது.

நாங்க இருக்கிறது ஸ்காட்லாந்துல, டண்டீ பக்கம். ராஸ்ப்பெர்ரிக்கு இந்த வட்டாரம் நெல்லுக்குத் தஞ்சாவூர் மாதிரி. பக்கத்துல பிளேர்கவ்ரின்னு ஒரு ஊர். ஒரு காலத்துல கோடை வந்தா டண்டீயிலேர்ந்து குடும்பம் குடும்பமா அங்கே பழம் பறிக்கக் கூலிக்குப் போவாங்க. 1950கள்ல ஹாமிஷ் ஹெண்டர்சன்னு ஒரு நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர், அந்தத் தோட்டங்களுக்கு வந்த நாடோடி மக்கள்கிட்டேயிருந்து பாட்டுப் பாட்டாப் பதிவு பண்ணியிருக்கார். நான் வாங்கின 'கிளென் ஆம்பிள்' ரகமும் உள்ளூர் சரக்குதான். இன்வர்கவ்ரி ஆராய்ச்சி நிலையத்துல உருவானது (2011லேர்ந்து அது ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனம்). முள்ளே கிடையாது. என்னை மாதிரி கையுறை எங்கே வச்சோம்னு தேடுற ஆளுக்கு ரொம்ப சௌகரியம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். ராஸ்ப்பெர்ரியைப் புரிஞ்சுக்க நமக்கு வாழை தெரிஞ்சாப் போதும். ஒரு தண்டு ஒரு தடவை காய்ச்சா அதோட ஆயுசு முடிஞ்சுது. அடியிலேர்ந்து வர்ற கன்று அடுத்த முறையை எடுத்துக்கும். வேர் மட்டும் வருஷக்கணக்கா அங்கேயே இருக்கும். நாம காசு குடுக்கிறது அந்த வேருக்குத்தான், குச்சிக்கு இல்லை.

இதுல ரெண்டு வகை இருக்கு. கோடை ரகத்துல, இந்த வருஷம் முளைக்கிற தண்டு அடுத்த வருஷம் ஜூலையிலதான் காய்க்கும். இலையுதிர்கால ரகம் அப்படி இல்லை. வசந்தத்துல முளைச்ச தண்டு அந்த ஆகஸ்ட், செப்டம்பர்லயே நுனியில காய்ச்சிடும்.

எங்க வீட்டுல வாக்குவாதம் ஆரம்பிச்சது இங்கேதான். ரங்கமணியோட வேலை ஒப்பந்தம் அடுத்த வருஷம் மார்ச்சோட முடியுது. நீட்டிப்பாங்களா மாட்டாங்களான்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீட்டிக்கலைன்னா, கிளென் ஆம்பிள் முதல் பழம் பழுக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடியே நாங்க பெட்டி கட்டிடுவோம். "வாடகை வீட்டுல, யாரோ திங்கிறதுக்கு நாம ஏன் குழி வெட்டணும்?"னு அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா இந்த வீட்டுக் கொல்லையில இருக்கிற ஆப்பிள் மரத்தை நட்டவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா அந்த ஆப்பிளை நாங்கதான் திங்கிறோம். அதை ஞாபகப்படுத்தினேன். வீட்டுக்கார அம்மாவும் தாராளமா நட்டுக்கோன்னுட்டாங்க. கடைசியில சமரசம்: கிளென் ஆம்பிள் ஆறு மண்ணுல, இலையுதிர்கால ரகமான 'ஆட்டம் பிளிஸ்' மூணு தொட்டியில, இந்த வருஷமே நாங்க சாப்பிட.

பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்டத்துல ஒரு வரிசை நிறையக் கன்று முட்டிக்கிட்டு நிக்குது. இனாமாக் கேட்கலாமேன்னு தோணும். அவரே, "என்னோடதை எடுக்காதே, புதுசா வாங்கு"ன்னார். அசுவினி மூலமா பரவுற வைரஸ் பழைய செடிகள்ல சத்தமில்லாம உக்காந்திருக்கும். கன்றோட சேர்ந்து அதுவும் வந்துடும். பழைய ராஸ்ப்பெர்ரி இருந்த இடத்துல புதுசை நடக்கூடாதுன்னும் சொன்னார்.

ஆனா நிஜமான எதிரி தண்ணி. ஈரம் பிடிக்கும், தேங்கினா ஆகாது. ஃபைட்டாப்தோரான்னு ஒரு வேரழுகல் நோய் ஸ்காட்லாந்துத் தோட்டங்களைப் பாடாப் படுத்தியிருக்கு. ஒரு தடவை மண்ணுல நுழைஞ்சா வருஷக்கணக்கா போகாது. இப்போ நிறையப் பண்ணைகள் மண்ணை விட்டுட்டு, கூடாரத்துக்குள்ள தொட்டியிலதான் வளர்க்கிறாங்க. எங்க மண்ணு களிமண்ணு. ஒரு குழி வெட்டித் தண்ணி ஊத்தினேன், மறுநாள் காலையிலயும் பாதி நின்னுச்சு. அதனால பாத்தி கட்டலை. வரப்பு மாதிரி ஒரு முக்கால் அடி மேடு போட்டு, மக்கின உரம் கலந்து, அது மேல நட்டேன்.

நடறதுல பெரிய வித்தை இல்லை. ஒரு மணி நேரம் வேரை வாளித் தண்ணியில வச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை அடி இடைவெளி. ஆழம்தான் முக்கியம். நர்சரியில மண்ணு எதுவரைக்கும் இருந்ததோ, அந்தக் கறை குச்சியில தெரியும். அதுக்கு மேல புதைக்கக் கூடாது. ஆழமாப் போனா கன்று மேல வரத் திணறும். மூணரை மணிக்கே இருட்டிடுற டிசம்பர்ல, ஆறையும் நட்டு முடிக்க ரெண்டு நாள் ஆச்சு.

அப்புறம்தான் மனசு கேட்காத வேலை: கவாத்து. நட்ட கையோட கோடை ரகக் குச்சிகளை ஒரு ஸ்கேல் உயரத்துக்கு வெட்டிடணும். அப்படியே விட்டா அந்தக் குச்சி வசந்தத்துல பூக்கப் பாக்கும், சின்ன வேர் அதுக்குச் சோறு போட்டே களைச்சுடும். வெட்டினாத்தான் சத்து அடியிலேர்ந்து வர்ற புதுத் தண்டுக்குப் போகும். அது நல்லா மேல வந்ததும் இந்தக் கட்டையையும் தரையோட எடுத்துடணும். தெரிஞ்சேதான் வெட்டினேன். ஆனாலும் ஆறாவது குச்சி வர்றப்போ கை கொஞ்சம் தயங்கிச்சு. ரங்கமணி ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, "இப்போ அதுவும் இல்லையா?"ன்னார்.

இனிமே ஏப்ரல் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. முளை விட்டதும் களை வராம வைக்கோல் போடணும், வறட்சியில வாரம் ஒரு தடவை நிறையத் தண்ணி விடணும். கம்பமும் கம்பியும் தண்டு ஆளுயரம் வந்தாத்தான் தேவை. அடுத்த கோடைக்குக் கட்டிக்கலாம்னு இருந்தேன்.

போன சனிக்கிழமை கடைக்குப் பால் வாங்கப் போன மனுஷன், காருக்கு மேல ரெண்டு மரக்கம்பத்தைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறார். எதுக்குன்னு கேட்டேன். "தள்ளுபடியில போட்டிருந்தான்"னார். இப்போதைக்குக் கொட்டகையில சாத்தி வச்சிருக்கு. மண்ணு உறைஞ்சு கிடக்கு, கடப்பாரை இறங்காது.