வளைவின் விலா

சோளகம் எழும்பும் வைகாசி தொடங்கி அது ஓயும் வரை, தீவகக் கடலில் ஓடும் படகுகளின் எஞ்சின் அறைகளில் குழாய் வேலை குறைவதில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். நயினாதீவு கிட்டத்தான், ஆனால் அந்தப் படகுகள் ஒரு நாளில் பல தடவை போய் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் புகைக்குழாய் சூடேறி ஆறுகிறது. அலை அடிக்கும்போதெல்லாம் எஞ்சின் தன் இருக்கையில் குலுங்குகிறது. ஆனியில் நாகபூஷணி அம்மன் திருவிழா வந்துவிட்டால் படகு நிறையச் சனம், கடலிலும் காற்று. உருக்குக் குழாய்க்கு இது கடுமையான பரீட்சை. அதில் முதலில் வெடிப்பது பெரும்பாலும் வளைவு, நாங்கள் எல்போ என்று சொல்வது.

மூன்று மீட்டர் உருக்குக் குழாயின் சூடு 350 பாகை கூடினால் அது 12 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒரு முனை எஞ்சினில், மறு முனை படகின் உடலில். நீண்ட அந்தத் துண்டுக்குப் போக இடம் இல்லை. எல்போதான் இளகிக் கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறது. அப்படி இளகும்போது அதன் வட்டமான வாய் முட்டை வடிவமாகச் சப்பளிகிறது. எஞ்சின் ஆறியதும் திரும்பி வருகிறது. இதன் கணக்கை 1911இல் தியடோர் வொன் கார்மன் எழுதினார். 4 அங்குலக் குழாய், 6 மில்லிமீட்டர் சுவர், குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்கு ஆரை கொண்ட எல்போ என்றால், அதே நீள நேர்க் குழாயைவிட ஐந்து மடங்கு இளகும். குழாய்ப் பாதை முழுவதையும் காப்பாற்றுவது இந்தக் குணம்தான். அதற்கான விலையையும் எல்போவே கொடுக்கிறது.

அந்த விலை எங்கே விழுகிறது என்பதைத்தான் பழகுகிற பெடியளுக்கு முதலில் காட்டுவேன். எல்போவுக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு, இரண்டு பக்கமும் விலா உண்டு. குழாயை வளைக்கும்போது முதுகுச் சுவர் மெலிவதால் எல்லோர் கண்ணும் முதுகுக்கே போகும். ஆனால் வளைவு மூடித் திறக்கும் ஆட்டத்தில் சுவர் அதிகமாக மடங்கி நிமிர்வது விலாவில். வெடிப்பு அங்கே, உட்பக்கத்தில், குழாயின் நீளவாக்கில் தொடங்கும். வெளியே தெரியும்போது சுவர் முழுதும் பிளந்திருக்கும். கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்தி முறிக்கிறோமே, அதே காரியம். இங்கே மடங்குவது குழாய்ச் சுவர்.

எத்தனை ஆட்டம் தாங்கும்? அமெரிக்காவில் மார்க்கல் என்பவர் எல்போக்களை முறியும்வரை ஆட்டிப் பார்த்து 1952இல் வெளியிட்ட முடிவுகளில்தான் இன்றைய குழாய் விதிகள் நிற்கின்றன. அவர் கண்ட உறவின்படி தகைப்பு பாதியானால் ஆயுள் இரண்டு மடங்கல்ல, 32 மடங்கு. இதை அறிந்த நாளிலிருந்து குழாயைத் தாங்கும் கொக்கியின் இடத்தைக் கொஞ்சம் மாற்றுவதைக்கூட நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. உலர்ந்த காற்றில் உருக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே ஆட்டினால் அது களைக்காது. உப்புநீர் பட்டு அரிக்கும் உருக்குக்கு அந்த எல்லையே கிடையாது. எங்கள் கடலில் ஒவ்வொரு ஆட்டமும் கணக்கில் சேரும்.

அணு உலைக் குழாய்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று யப்பானிலும் அமெரிக்காவிலும் அதிர்வு மேடைகளில் வைத்துப் பார்த்தார்கள். எல்போக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் தாங்கின. உள்ளே அழுத்தம் இருந்தவை உலுக்க உலுக்கச் சிறிது சிறிதாக உப்பின. சப்பளிந்து விழவில்லை, களைத்து வெடித்தன. அவ்வளவு பெரிய ஆலைக்கும் எங்கள் மரப்படகுக்கும் உருக்கின் நியாயம் ஒன்றுதான்.

படகுக்காரர் கேட்பது வேறு. "தடிச்ச தகடு வைச்சு ஒட்டிவிடும் தம்பி, அசையாமல் படகின்ரை வங்கோடையும் சேர்த்துப் பிடிச்சுவிடும்" என்பார். "அசைய விடாட்டில்தான் அண்ணை வெடிக்கும்" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். தகடு வைத்த இடம் விறைத்துப்போகும். ஆட்டம் முழுதும் ஒட்டின் ஓரத்துக்கு ஒதுங்கும். அடுத்த வெடிப்பு அந்த ஓரத்தில் வரும். குழாயைத் துண்டுதுண்டாய்ச் சரிவாக வெட்டி ஒட்டிச் செய்யும் வளைவையும் புகைப்பாதையில் நான் போடுவதில்லை. மண் நிரப்பிச் சூடாக்கி வளைப்பது நல்ல பழைய கைவேலை. ஆனால் மண் ஈரமில்லாமல், இறுக்கமாய் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வளைவு பிறக்கும்போதே சப்பளிந்து பிறக்கும்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. எல்போவைக் கழற்றி, உள்ளே கரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, விலாவில் மண்ணெண்ணெய் பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு வெண்கட்டித் தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடு காட்டும். அவ்வளவும் அரைநாள் வேலை. செய்யாமல் விட்டால் நடுக்கடலில் சூடான புகை எஞ்சின் அறையை நிரப்பும். பக்கத்தில் மரம், கீழே இருக்கைகளில் பிள்ளைகளும் வயதானவர்களும். நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் படகு பாதி வழியில் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தீவுச் சனத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படகு வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான்: சோளகத்துக்கு முன், சித்திரையிலேயே எல்போவைக் கழற்றி விலாவைப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஒட்டச் சொல்லாதீர்கள். வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.