எண்ணும் பெயரும்

கேரளத்து இந்துக் குடும்பங்கள் பலவற்றில் குழந்தை பிறந்த 28ஆம் நாள் வீடு உறவினரால் நிறைந்துவிடும். ‘இருபத்தெட்டு கெட்டு’ என்பது அன்றைய சடங்கின் பெயர். குழந்தையின் இடையில் கறுப்பு நூல் கட்டுவர். நம் அரைஞாண் கயிற்றை நினைவூட்டும் வழக்கம் அது. பின்னர்க் குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் பெரியவர் ஒருவர் அதன் பெயரை மெல்லச் சொல்வார்.

ஒரே சூலில் உருவான மூன்று குழந்தைகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டால் இந்த நாட்கணக்கு குலைந்துபோகும். 28ஆம் நாளில் மூவரும் மருத்துவமனையின் வெப்பப் பேழைக்குள் இருக்கக்கூடும். காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயரும், அதனருகே ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்ணும் மட்டுமே இருக்கும். வீட்டில் தொட்டில்கள் ஆயத்தமாக இருக்கும்; ஆனால் ஆட்டுவதற்குக் குழந்தை இராது.

திருவனந்தபுரத்தில் இத்தகைய பச்சிளங்குழந்தைகளைக் காக்கும் முதன்மையான இடங்களுள் ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. மக்கள் அதனைச் சுருக்கமாக எஸ்.ஏ.டி. என்பர். சிறுவயதிலேயே மறைந்த திருவிதாங்கூர் இளவரசர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது அது. வாழக் கொடுத்துவைக்காத ஒரு குழந்தையின் பெயரால் எத்தனையோ குழந்தைகள் வாழ்வு பெறுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் பலர் இங்கு வருவதால், அதன் தாழ்வாரங்களில் மலையாளத்தோடு தமிழும் ஒலிப்பதுண்டு.

இயற்கையில் மூவர் சேர்ந்து பிறப்பது அரிது. எண்பத்தொன்பது பிரசவங்களில் ஒன்று இரட்டையாகவும், ஏறத்தாழ 8,000 பிரசவங்களில் ஒன்று மூவராகவும் அமையும் என்று 1895இல் ஹெல்லின் என்னும் அறிஞர் கணக்கிட்டார். கருத்தரிப்பு மருத்துவம் வளர்ந்தபின் அக்கணக்கு மாறிவிட்டது. எனினும் கருப்பையின் இடம் மாறவில்லை. ஒருவருக்கு அமைந்த இடத்தில் மூவர் வளரும்போது, அவர்கள் நிறைமாதம் வரை தங்குவது கடினம். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதப் பிறப்பாகும். மூவரோ பெரும்பாலும் அதற்கும் பல வாரங்கள் முன்பே வந்துவிடுகின்றனர்.

முந்திப் பிறந்த குழந்தைக்கு முதல் இடர் மூச்சுவிடுவதே. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் ஒன்று கருவின் இறுதி மாதங்களில்தான் போதிய அளவு சுரக்கும். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆண்குழந்தை ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்தது. அப்பொருளின் குறைவால் இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்தது. நாட்டின் தலைவராக இருந்தும் தந்தையால் செய்ய இயன்றது ஒன்றுமில்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, அப்பொருளை வெளியிலிருந்து நுரையீரலுக்குள் செலுத்திக் குழந்தைகளைக் காக்கலாம் என்று காட்டினார். இன்று அரசு மருத்துவமனைக்கு வரும் எளிய குடும்பத்துக் குழந்தைக்கும் அம்மருத்துவம் கிடைக்கிறது.

மூச்சு சீரானபின் பால். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் குழந்தைக்கு வாய்க்கிறது. அதுவரை தாய் பாலைப் பீய்ச்சித் தருவாள். அது மெல்லிய குழாய் வழியே துளித்துளியாக இரைப்பையைச் சேரும். மூவருக்கும் பால் போதவில்லையெனில், பிற தாய்மார் கொடையாக அளித்த பால் உதவும். மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கப்பெற்ற தாய்ப்பால் வங்கி இத்தொண்டில் ஆசியாவுக்கே முன்னோடியாகும்.

இன்னொரு மருந்து விலையற்றது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் வெப்பப் பேழைகள் போதாமல் போயின. அங்கிருந்த மருத்துவர் ரெய் சனாப்ரியா குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்ற இம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. மூன்று குழந்தைகளுக்கு ஒரு தாயின் மார்பு போதாது. எனவே தந்தையும் சட்டையைக் கழற்றி அமர்கிறார், பாட்டியும் அமர்கிறார். சடங்குகளில் தொலைவில் நின்ற தந்தையரை இம்முறை குழந்தைக்கு மிக அருகில் கொண்டுவந்தது என்றே கூறலாம்.

மூவரும் ஒரே நாளில் வீடு வருவார்கள் என்பதற்கும் உறுதி இல்லை. எடை கூடிய குழந்தை முதலில் வரும். மற்றொன்று சில நாள் கழித்து வரும். மூன்றாவது இன்னும் மூச்சுக் குழாயோடு இருக்கும். அப்போது தாய் எங்கே இருப்பாள்? வீட்டிலிருக்கும் குழந்தையிடமா, மருத்துவமனையில் உள்ள குழந்தைகளிடமா? மகிழ்ச்சியைக் கொண்டாடவும் இயலாமல், கவலையை வெளியே சொல்லவும் இயலாமல் குடும்பம் நிற்கும் நாட்கள் அவை. கடைசிக் குழந்தையும் வந்தபின்னரே பல வீடுகளில் நூல் கட்டுகின்றனர். ஆறாம் மாதச் சோறூட்டலுக்கும் நாள் குறிக்கச் சோதிடரோடு மருத்துவரையும் கேட்க வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை அவர் நான்கு மாதத்துக்குரியதாகவே கணக்கிடுவார்.

வீட்டிற்கு வந்தபின்னும் ஓர் இடர் உண்டு. மூவரையும் மூவராகக் காணாமல், ஒரே காட்சிப்பொருளாக ஊர் காணத் தொடங்குவதே அது. 1934இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டியோன் குடும்பத்தில் ஐந்து பெண்குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். ஐவரின் எடையும் சேர்ந்தே ஏறத்தாழ ஆறு கிலோதான். கூடையில் கிடத்தி, அடுப்பின் வெம்மையில் காத்தனர். ஐவரும் பிழைத்தனர். ஆனால் அரசு அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி இல்லத்தில் வைத்தது. ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் வந்து வேடிக்கை பார்த்தனர். 1998இல் அரசு அதற்காக நாற்பது இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. அதைப் பெறும்போது அச்சகோதரியருள் மூவரே உயிரோடிருந்தனர்.

திருவனந்தபுரமும் ஐவரைக் கண்டது. 1995 நவம்பரில் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் நான்கு பெண்களும் ஓர் ஆணும் ஒன்றாகப் பிறந்தனர். உத்திர நட்சத்திரத்தை ஒட்டியே ஐவருக்கும் பெயரிட்டனர். பள்ளியில் சேர்ந்தது முதல் செய்தித்தாள்கள் அவர்களைத் தொடர்ந்தன. ஆனால் வளர்த்தவர் செய்தித்தாள்கள் அல்லர். பிள்ளைகள் ஒன்பது வயதளவில் தந்தையை இழந்தனர். அரசின் உதவியால் கூட்டுறவு வங்கியில் பணிபெற்ற தாயே ஐவரையும் ஆளாக்கினார். அவரவர் விரும்பிய படிப்பும் தொழிலுமாகப் பிள்ளைகளின் பாதைகள் பிரிந்தன.

2020 அக்டோபரில் சகோதரியருள் மூவருக்குக் குருவாயூர்க் கோயிலில் ஒரே நாளில் திருமணம் நடந்தது. நான்காமவரின் மணமகன் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வர இயலவில்லை. எனவே அவருடைய திருமணம் மட்டும் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.